எங்கள் மருத்துவப் பதிவேடு எந்தக் கணனியில் இருக்கின்றது?



கடந்த சில மாதங்களாக எமது வானொலி நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றது. "வைத்தியசாலை மைசார்ட் எண்டு ஒண்டைப் போடச் சொல்லுது, ஜீ.பி. என்.எச்.எஸ். அப்பைப் போடச் சொல்லுது, மகன் வேறொண்டைப் போட்டுத் தந்திருக்கிறான். இதிலை எது நல்லது?" என்று தென் இலண்டனிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். "ஹரோவிலை எடுத்த இரத்தப் பரிசோதனையை நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலை ஏன் பார்க்க முடியேல்லை? எல்லாம் ஒரே என்.எச்.எஸ். தானே?" என்று இன்னொரு நேயர் கேட்டிருந்தார்.

நான் இலண்டனில் ஜீ.பி. நிலையமொன்றின் பதிவுப் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்பவள். இந்தக் கணனி முறைகளோடுதான் எனது பொழுது கழிகின்றது. எனவே இந்த மாத உரையில் இந்த முறைகள் எவை, வைத்தியசாலைகள் அவற்றை எப்படித் தெரிவு செய்கின்றன, அதில் எங்களுக்கு என்ன தெரிவு இருக்கின்றது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்ல முயல்கின்றேன்.

கொப்பியிலிருந்து கணனிக்கு

ஊரில் கிளினிக் கொப்பி எங்கள் கையில் இருந்தது. வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டும் எங்களிடம்தான் இருந்தது. இடம்பெயர்ந்த காலங்களில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு சேர்த்து அவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடியவர்கள் எங்களில் பலர்.

இந்த நாட்டில் வழக்கம் வேறு. இங்கே பதிவேட்டை வைத்திருப்பது ஜீ.பி. நிலையமும் வைத்தியசாலையும்தான். 1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்த லொயிட் ஜோர்ஜின் பெயரால் அழைக்கப்படும் சிறிய கடதாசி உறைகளில்தான் ஒவ்வொருவருடைய ஜீ.பி. குறிப்புகளும் மிக நீண்ட காலமாக வைக்கப்பட்டு வந்தன. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் இங்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பங்கள் பலவற்றின் முதற் குறிப்புகள் அந்த உறைகளில் எழுதப்பட்டவையே.

இன்று அந்த இடத்தை இலத்திரனியல் மருத்துவப் பதிவேடு பிடித்துக்கொண்டது. அதைக் கணனியில் ஏற்றிய கொப்பி என்று மட்டும் நினைக்கக்கூடாது. அது நான்கு வேலைகளைச் செய்கின்றது. உங்கள் வருத்தங்கள், மருந்துகள், பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்கின்றது. வைத்தியர் மருந்தையோ ஸ்கானையோ அதன் ஊடாகவே எழுதி அனுப்புகின்றார். உங்களுக்கு ஒத்துவராத மருந்தை எழுதினால் திரையில் எச்சரிக்கை காட்டுகின்றது. நான்காவதாக, மற்ற இடங்களில் உள்ளவர்களும் பார்க்கும்படி விபரங்களைப் பகிர்கின்றது. சிக்கல்கள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வேலைகளில்தான் வருகின்றன.

ஜீ.பி. நிலையங்களில்

இங்கிலாந்தின் ஜீ.பி. நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு முறைகளில் ஒன்றையே பாவிக்கின்றன. ஒன்று எமிஸ் வெப், மற்றது சிஸ்டம்வன். எமிஸ் என்பது வட யோர்க்ஷயரில் எக்டன் என்ற கிராமத்து வைத்தியர்கள் தொடங்கி 1987 இல் நிறுவனமாக வளர்ந்தது. 2023 இல் அமெரிக்காவின் யுனைட்டட்ஹெல்த் குழுமத்தைச் சேர்ந்த ஒப்டம் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. சிஸ்டம்வன், லீட்ஸ் நகரத்தின் ரீ.பீ.பீ. நிறுவனத்தினுடையது. இலண்டனில் எமிஸ் பாவிக்கும் நிலையங்களே அதிகம்.

இரண்டுக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு. சிஸ்டம்வன்னில் ஒரு நோயாளருக்கு ஒரே பதிவேடு இருந்து, அதே முறையைப் பாவிக்கும் ஜீ.பி., வீட்டுக்கு வரும் தாதி ஆகியோர் உரிய அனுமதியோடு அதற்குள்ளேயே எழுதலாம். எமிஸில் ஒவ்வொரு நிலையமும் தனது பதிவேட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பார்க்கக் கொடுக்கும். ஆனால் கதிரையில் இருக்கும் நோயாளருக்கு இதனால் வரும் வேறுபாடு குறைவு. இரண்டுமே மருந்துச்சீட்டை மருந்துக்கடைக்கு நேரே அனுப்பும். இரண்டையுமே என்.எச்.எஸ். அப் மூலம் பார்க்கலாம். நீங்கள் வீடு மாறி வேறு ஜீ.பி.யில் பதிந்தால், பழைய இடத்துக் கணனிக் குறிப்புகள் புதிய இடத்துக்கு இலத்திரனியல் முறையில் அனுப்பப்படும்.

வைத்தியசாலைகளில்

வைத்தியசாலைகளின் கதை நீளமானது. 2002 இல் அன்றைய அரசாங்கம் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு மாபெரும் கணனித் திட்டத்தை ஆரம்பித்தது. நாடு ஐந்து பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, இலண்டனுக்கான ஒப்பந்தம் பி.ரி. நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. எந்த மென்பொருள் என்பதை வைத்தியசாலைகள் தெரிவு செய்யவில்லை. மேலிருந்து கொடுக்கப்பட்டது. முதலில் ஒரு அமெரிக்க மென்பொருள், பின்னர் 2006 இல் அதை மாற்றி சேர்னர் என்ற இன்னொரு அமெரிக்க மென்பொருள். 2008 இல் பாட்ஸ் வைத்தியசாலையிலும் றோயல் பிறீ வைத்தியசாலையிலும் அது போடப்பட்டபோது, நோயாளரைப் பதிவதற்கே வழமையை விட அதிக நேரம் எடுத்தது என்று முறைப்பாடுகள் எழுந்தன. கடைசியில் 2011 செப்டெம்பரில் அந்தத் தேசியத் திட்டத்தையே கலைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதன் மொத்தச் செலவு சுமார் 9.8 பில்லியன் பவுண்கள் என்று 2013 இல் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழு குறிப்பிட்டது.

அதன் பின்னர் ஒவ்வொரு வைத்தியசாலை நிர்வாகமும் தனக்குரியதைத் தானே தெரிவு செய்யத் தொடங்கியது. இலண்டனின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் இன்று இரண்டு பெயர்கள் முன்னிற்கின்றன. இரண்டுமே 1979 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் தயாரிப்புகள்.

ஒன்று சேர்னர். அந்த நிறுவனத்தை 2022 யூன் மாதத்தில் ஒராக்கிள் நிறுவனம் வாங்கியது. கிழக்கு இலண்டனில் றோயல் லண்டன், நியூஹாம், விப்ஸ் குறொஸ் ஆகிய வைத்தியசாலைகளிலும், டூட்டிங் சென் ஜோர்ஜஸ் வைத்தியசாலையிலும் இதுதான். வடமேற்கில் ஹமர்ஸ்மித், சென் மேரிஸ், செல்சி வைத்தியசாலைகள் முன்னரே இதில் இருந்தன. 2023 இல் நோர்த்விக் பார்க், ஈலிங், ஹில்லிங்டன் வைத்தியசாலைகளும் அதே முறைக்குள் வந்து சேர்ந்தன.

மற்றது எபிக். யூனிவேர்சிட்டி கொலிஜ் வைத்தியசாலை 2019 மார்ச் 31 ஆம் திகதி இதற்கு மாறியது. சிறுவர்களுக்கான கிறேட் ஓர்மண்ட் ஸ்றீட் வைத்தியசாலை அதே வருடம் ஏப்ரலில் மாறியது. கிங்ஸ் கொலிஜ், கைஸ், சென் தோமஸ் வைத்தியசாலைகள் 2023 ஒக்டோபர் 5 ஆம் திகதி ஒரே நாளில் சேர்ந்து மாறின. மைசார்ட் என்பது இந்த எபிக் முறையில் நோயாளர் பார்ப்பதற்கான பக்கம்.

இப்போது ஹரோ நேயரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நோர்த்விக் பார்க்கில் இருப்பது சேர்னர், யூனிவேர்சிட்டி கொலிஜில் இருப்பது எபிக். இரண்டும் என்.எச்.எஸ். தான், ஆனால் இரண்டு வேறு கணனி முறைகள். இவற்றுக்கிடையில் பாலமாக இருப்பது இலண்டன் கெயார் றெக்கோட் எனப்படும் பகிர்வு ஏற்பாடு. அதனூடாக ஒரு இடத்து வைத்தியர் மற்ற இடத்துக் குறிப்புகளின் முக்கிய பகுதிகளைப் பார்க்கலாம். ஆனால் அதை அவர் திறந்து பார்க்க வேண்டும். அவசரமான ஒரு நாளில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. "மற்ற வைத்தியசாலையில் எனக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள், தயவுசெய்து அதைப் பாருங்கள்" என்று நாங்கள் சொல்வது உதவும்.

வைத்தியசாலைகள் எதைப் பார்த்துத் தெரிவு செய்கின்றன?

விலை ஒரு காரணம், ஆனால் அது மட்டுமல்ல. அயலில் உள்ள வைத்தியசாலைகள் எதைப் பாவிக்கின்றன என்பது மிக முக்கியமாகப் பார்க்கப்படுகின்றது. வடமேற்கு இலண்டன் இதற்கு நல்ல உதாரணம். வெம்பிளியில் இருக்கும் ஒருவருக்கு சலரோகத்தால் சிறுநீரகம் பழுதடைந்து ஹமர்ஸ்மித்தில் சிகிச்சை நடக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இரவில் திடீரென்று மூச்சு முட்டினால் அவர் போவது நோர்த்விக் பார்க் அவசர பிரிவுக்கு. 2023 இற்குப் பிறகு இரண்டு இடமும் ஒரே முறையில் இருப்பதால் அங்குள்ள வைத்தியர் அவருடைய சிறுநீரகக் குறிப்புகளை உடனே பார்க்க முடியும். எங்கள் சமூகத்தில் சலரோகமும் சிறுநீரக வருத்தமும் எவ்வளவு அதிகம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, பழைய முறையிலிருந்து புதியதற்கு விபரங்கள் பிழையின்றி மாறுமா என்பது. மூன்றாவது, ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி கொடுக்க முடியுமா என்பது. நல்ல முறையை வாங்கினாலும் மாற்றும் காலம் கடினமாகவே இருக்கும். கேம்பிறிட்ஜ் அடன்புறூக்ஸ் வைத்தியசாலை 2014 ஒக்டோபரில் எபிக்கிற்கு மாறியது. அடுத்த வருடம் கண்காணிப்பு ஆணைக்குழு அந்த வைத்தியசாலைக்கு மிகக் குறைந்த தரத்தைக் கொடுத்தது. அதற்கான பல காரணங்களுக்குள் புதிய முறையால் வந்த சிரமங்களும் அடங்கும். 2017 ஜனவரியில் அதே வைத்தியசாலை "நன்று" என்ற தரத்துக்கு உயர்ந்தது. எனவே உங்கள் வைத்தியசாலை புதிய முறைக்கு மாறுகின்றது என்று கேள்விப்பட்டால், அந்த மாதங்களில் திகதி தவறிய கடிதங்களுக்கும் காணாமற்போன பரிந்துரைகளுக்கும் கூடுதல் கவனம் கொடுங்கள். கடிதம் வரவில்லை என்றால் காத்திருக்காமல் தொலைபேசி எடுங்கள்.

நாங்கள் தெரிவு செய்யக்கூடியவை

வைத்தியசாலை எந்த மென்பொருளை வாங்குகின்றது என்பதில் எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் மூன்று இடங்களில் எங்களுக்குத் தெரிவு இருக்கின்றது.

முதலாவது, ஜீ.பி. நிலையம். எமிஸா சிஸ்டம்வன்னா என்று கேட்டு ஜீ.பி.யைத் தெரிவு செய்யத் தேவையில்லை. ஒரே மென்பொருளைப் பாவிக்கும் இரண்டு நிலையங்கள் நோயாளருக்கு வெவ்வேறு அளவில் கதவு திறந்து வைத்திருப்பதைக் காணலாம். கேட்க வேண்டிய கேள்விகள் இவை. முழுப் பதிவேட்டையும் ஒன்லைனில் பார்க்க விடுவீர்களா? பழைய குறிப்புகளையும் திறந்து தருவீர்களா? பெற்றோரின் பதிவேட்டைப் பிள்ளைகள் பார்க்க முறைப்படி அனுமதி தருவீர்களா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதைப் பதிவேட்டில் போடுவீர்களா? 2023 ஒக்டோபர் 31 இலிருந்து, புதிதாக எழுதப்படும் குறிப்புகளை நோயாளர் ஒன்லைனில் பார்க்க வசதி செய்வது இங்கிலாந்தின் ஜீ.பி. ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய குறிப்புகள் வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வைத்தியசாலை. ஜீ.பி. உங்களை விசேட வைத்திய நிபுணரிடம் முதற்தடவை அனுப்பும்போது எந்த வைத்தியசாலை என்று தெரிவு செய்யும் உரிமை பெரும்பாலான சந்தர்ப்பங்களில் உங்களுக்கு இருக்கின்றது. பலர் வீட்டுக்கு எது கிட்ட என்று மட்டும் பார்க்கின்றார்கள். நீண்டகால வருத்தம் உள்ளவர்கள் "ஏற்கெனவே நான் போகும் வைத்தியசாலையோடு இது ஒரே முறையில் இருக்கின்றதா?" என்பதையும் கேளுங்கள். கிங்ஸில் ஈரலுக்குச் சிகிச்சை பெறுபவர் இருதயத்துக்கு சென் தோமஸ் போனால் இரண்டும் ஒரே பதிவேடு. வேறு காரணங்கள் எல்லாம் சமமாக இருந்தால் இது நல்ல காரணம். காத்திருக்கும் காலம் மிகவும் வேறுபட்டால் அதையே முதலில் பாருங்கள்.

மூன்றாவது, கைத்தொலைபேசியில் எதை வைத்திருப்பது என்பது. என்.எச்.எஸ். அப் ஜீ.பி. பதிவேட்டுக்கான வாசல். மைசார்ட் எபிக் வைத்தியசாலைகளுக்கான வாசல். கிழக்கிலும் வடமேற்கிலும் உள்ள சேர்னர் வைத்தியசாலைகள் சிலவற்றின் முடிவுகளைப் பார்ப்பதற்கு பேசன்ற்ஸ் நோ பெஸ்ட் என்ற தளம் இருக்கின்றது. ஆகவே தென் இலண்டன் அம்மாவுக்கு எனது பதில், என்.எச்.எஸ். அப்பையும் நீங்கள் போகும் வைத்தியசாலை சொல்லும் ஒன்றையும் வைத்திருங்கள், மற்றவை தேவையில்லை. இவற்றுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்டு ஒரு செய்தி வந்தால் அது ஏமாற்று. கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இல்லாதவர்கள் தங்கள் ஜீ.பி. நிலையத்தில் ஒன்லைன் பதிவு விபரங்களைக் கேட்டுப் பெற்று என்.எச்.எஸ். அப்பைத் திறக்கலாம்.

பெயரும் பிறந்த திகதியும்

எந்த முறையானாலும், உங்களைக் கண்டுபிடிப்பது பெயர், பிறந்த திகதி, பத்து இலக்க என்.எச்.எஸ். எண் ஆகியவற்றால்தான். எங்கள் சமூகத்துக்கு இங்கேதான் பெரிய சிக்கல்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் சிவலிங்கம், மகன் பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். புகலிடப் பத்திரத்தில் ஒரு ஒழுங்கில் எழுதியிருப்பார்கள், ஜீ.பி.யில் மறு ஒழுங்கில் எழுதியிருப்பார்கள். குமாரின் மனைவி திருமணத்துக்கு முன் தகப்பன் பெயரோடும் பின்னர் கணவன் பெயரோடும் பதிந்திருப்பார். தர்ஷினி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். போரில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்ததால் ஜனவரி முதலாம் திகதியே பிறந்த நாளாகப் போடப்பட்டவர்களும் எங்களுக்குள் இருக்கின்றார்கள். இப்படி வரும்போது ஒரே ஆளுக்கு இரண்டு பதிவேடு திறபட்டு விடும். அல்லது, இன்னும் மோசமாக, ஒரே பெயருள்ள இருவரின் விபரம் ஒன்றாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மாவுக்கு பெனிசிலின் ஒத்துவராது. பழைய பதிவேட்டில் அது சிவப்பு எழுத்தில் இருந்தது. ஒரு வைத்தியசாலையில் அவருடைய பெயரை முன்பின்னாக மாற்றிப் பதிந்ததால் புதிய பதிவேடு ஒன்று திறபட்டது. அதில் ஒவ்வாமை என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஊசி போடப் போன நேரம் மகள் பக்கத்தில் நின்று கேட்டபடியால் தப்பினார். அந்த வைத்தியசாலையின் கணனி விலை உயர்ந்த நல்ல கணனிதான். வெறுமையான இடத்தைப் பார்த்து அதனால் எச்சரிக்க முடியாது.

ஆகவே என்.எச்.எஸ். எண்ணைக் கட்டாயம் எழுதி வைத்திருங்கள். பெயர் மாறினாலும் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறாது. புதிய வைத்தியசாலைக்குப் போகும்போது "எனக்கு இங்கே ஏற்கெனவே பதிவேடு இருக்கின்றதா? வேறு எழுத்திலும் தேடிப் பாருங்கள்" என்று கேளுங்கள். இரண்டு பதிவேடு இருந்தால் ஒன்றாக்கும்படி எழுத்தில் கேட்கலாம். பிழையான விபரத்தைத் திருத்தக் கேட்பதும், உங்கள் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு வாங்குவதும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. பிரதிக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கடிதம்

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த டயக்னோசிஸ் காட்டையோ கொழும்பு வைத்தியரின் கடிதத்தையோ ஜீ.பி.யில் கொடுத்தால் அதை ஸ்கான் பண்ணிப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். ஆனால் கணனிக்கு அது ஒரு படம் மாத்திரமே. மருந்து எச்சரிக்கை வேலை செய்வதற்கு அந்த விபரம் குறியீடாகப் பதியப்பட வேண்டும். இங்கிலாந்தின் ஜீ.பி. நிலையங்கள் 2018 இலிருந்து ஸ்னோமெட் என்ற குறியீட்டு முறையைப் பாவிக்கின்றன. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் ஒரு குறியீடு உண்டு. கடிதத்தில் "சல்பா மருந்து ஒத்துவராது" என்று எழுதியிருந்தாலும், அந்தக் குறியீடு போடப்படாவிட்டால் கணனி மௌனமாகவே இருக்கும்.

எனவே கடிதத்தைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், "இதிலுள்ள ஒவ்வாமையையும் பழைய சத்திரசிகிச்சையையும் குறியீடாகப் பதிந்தீர்களா?" என்று கேளுங்கள். பின்னர் என்.எச்.எஸ். அப்பில் ஒவ்வாமைகள் என்ற பகுதியைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர்கள் அதையும் பதிவேட்டில் போடுவித்து, எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போகும்போது வாயாலும் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கக்கூடும்.

பிள்ளைகளின் கையில் பெற்றோரின் பதிவேடு

எங்கள் வீடுகளில் அம்மா அப்பாவின் கைத்தொலைபேசியைத் திறப்பது பிள்ளைகள்தான். குறிப்புகளும் கடிதங்களும் ஆங்கிலத்தில் வருவதால் அது இயல்பு. ஆனால் கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் கொடுப்பது ஒரு வழி, முறைப்படி பிரதிநிதி அனுமதி எடுப்பது வேறொரு வழி. இரண்டாவதில், எந்தப் பகுதியைப் பார்க்கலாம் என்று அளவு வைக்கலாம். மருந்து எடுப்பதற்கும் திகதி பதிவதற்கும் மட்டும் அனுமதி கொடுத்து, வைத்தியரோடு பேசியதை மறைத்து வைக்கலாம்.

இது ஏன் முக்கியம்? எங்கள் பதிவேடுகளில் சலரோகம் மட்டும் இல்லை. தடுப்பு முகாமில் நடந்தவை, சித்திரவதை, உடம்பில் உள்ள தழும்புகளின் காரணம், நித்திரை வராத இரவுகள் பற்றி வைத்தியரிடம் மட்டும் சொன்னவையும் இருக்கலாம். பெற்ற பிள்ளைக்கும் சொல்லாத விடயம் ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையின் கண்ணில் படலாம். வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் கைத்தொலைபேசியைக் கணவன் பரிசோதிப்பானானால் ஆபத்து இன்னும் பெரிது. ஒரு குறிப்பை ஒன்லைனில் தெரியாதபடி மறைக்கும் வசதி ஜீ.பி. முறைகளில் உண்டு. "இதை நீங்கள் பாருங்கள், ஆனால் அப்பில் காட்ட வேண்டாம்" என்று வைத்தியரிடம் கேட்கலாம். ஒன்லைன் பார்வையையே முற்றாக நிறுத்தவும் கேட்கலாம். காரணம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லாமல் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் இதனால்தான். அதற்கும் உங்களிடம் கட்டணம் இல்லை.

உள்துறை அமைச்சு பார்க்குமா?

இந்தக் கேள்வியை வானொலியில் கேட்கத் தயங்கி, பின்னர் தனியாகக் கேட்டவர்கள் பலர். இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு உடன்படிக்கையின்படி, குடிவரவு விடயமாக உள்துறை அமைச்சு கேட்டால் என்.எச்.எஸ். தரவு நிறுவனம் சிலரின் முகவரி போன்ற விபரங்களைக் கொடுத்து வந்தது. வருத்தம், சிகிச்சை பற்றிய விபரங்கள் அதில் அடங்கவில்லை. நோயாளர்கள் பயந்து வைத்தியரிடம் வராமல் விடுவார்கள் என்று வைத்தியர்களும் தொண்டு நிறுவனங்களும் எதிர்த்தார்கள். பாராளுமன்ற சுகாதாரக் குழுவும் கண்டித்தது. 2018 மே மாதத்தில் அரசாங்கம் அதைப் பெருமளவு நிறுத்தியது. அதே வருட முடிவுக்குள் உடன்படிக்கை கைவிடப்பட்டது.

ஜீ.பி.யில் பதிவதற்கு விசா நிலையைக் காட்ட வேண்டியதில்லை. முகவரிச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக்கூடாது. ஆனால் வைத்தியசாலைச் சிகிச்சைக்கான கட்டண விதிகள் வேறு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட நிலையில் உள்ளவர்கள் அதைப் பற்றி ஒரு சட்ட ஆலோசகரிடமோ அகதிகள் நல அமைப்பிடமோ முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பயத்தில் வைத்தியரிடம் போகாமல் விடுவதும், பிழையான பெயரைக் கொடுப்பதும் மட்டும் வேண்டாம். பிழையான பெயரால் வரும் ஆபத்தை மேலே சொன்னேன்.

கணனி நின்றுவிட்டால்

2022 யூலை 19 ஆம் திகதி இலண்டனில் வெயில் 40 பாகையைத் தொட்டபோது கைஸ், சென் தோமஸ் வைத்தியசாலைகளின் கணனி நிலையங்கள் செயலிழந்தன. முற்றாகச் சீராகப் பல வாரங்கள் எடுத்தன. வைத்தியர்கள் கடதாசியில் எழுதினார்கள். 2024 யூன் 3 ஆம் திகதி, தென்கிழக்கு இலண்டனின் இரத்தப் பரிசோதனைகளைச் செய்யும் சினோவிஸ் நிறுவனத்தைக் கணனிக் கொள்ளையர் தாக்கினார்கள். கிங்ஸ், கைஸ், சென் தோமஸ் வைத்தியசாலைகளில் 10,000 இற்கு மேற்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகள் பிற்போடப்பட்டன. இரத்தப் பரிசோதனை முடிவு நீண்ட நேரம் வராதது ஒரு நோயாளரின் மரணத்துக்கு ஒரு காரணமாக இருந்தது என்று 2025 இல் தெரிவிக்கப்பட்டது.

ஆகவே ஊரில் இருந்த கிளினிக் கொப்பிப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். ஒரு தாளில் ஆங்கிலத்தில் இவற்றை எழுதி வையுங்கள். பெயரும் அது வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் அந்த எழுத்தும், பிறந்த திகதி, என்.எச்.எஸ். எண், ஒத்துவராத மருந்துகள், தற்போது எடுக்கும் மருந்துகளும் அளவும், பெரிய வருத்தங்களும் சத்திரசிகிச்சைகளும், போகும் வைத்தியசாலைகளின் பெயர்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற ஒரு வரி, அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண். மருந்து மாறும்போது தாளையும் மாற்றுங்கள். ஒரு பிரதி கைப்பையிலும் ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் இருக்கட்டும்.

இந்த மாதத்துக்குள் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய ஒவ்வாமைப் பகுதியையும் பெயரையும் பிறந்த திகதியையும் சரிபாருங்கள். முதியவர்களுடையதை அவர்களின் சம்மதத்தோடு பாருங்கள். பிழை இருந்தால் ஜீ.பி. வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. தொலைபேசியில் ஆங்கிலம் பேசத் தயங்குபவர்கள் "தமிழ் இன்ரர்பிறிற்றர் பிளீஸ்" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் சந்தேகங்களை வழமைபோல் நிலையத்துக்கு எழுதியோ அழைத்தோ தெரிவிக்கலாம். தனிப்பட்ட மருத்துவ விபரங்களை வானலையில் சொல்ல வேண்டாம், பொதுவான கேள்வியாகக் கேளுங்கள். கிடைக்கும் கேள்விகளுக்கு அடுத்த உரையில் பதில் சொல்கின்றேன்.